படிப்பவரும் கேட்பவரும்

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் நேர்ந்ததாகவும், அது நீங்கியபின் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தும் பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் கிடைக்காமையால் அரசன் மனங்கவன்றதாகவும், அக்கவலையைத் தீர்க்க ஆலவாய்ப் பெருமானே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இட்டருளியதாகவும் இறையனார் களவியலின் உரை கூறும். சங்கத்துப் புலவர் பலரும் அச்சூத்திரங்களுக்கு உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று தீர்க்க ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவனை ஆசனத்தில் அமர்த்தி, புலவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் உரையை அவன்முன் வாசித்தார்கள். அவன் வாய் பேசாத பிள்ளை. மதுரை மருதன் இளநாகனார் உரை வாசிக்கப்பட்டபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரனார் உரை வாசிக்கப்பட்டபோதோ பதந்தோறும் அவ்வாறு இருந்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

இது புராணக் கதைதான். இதைச் சரித்திரமென்று எவரும் வாதாட வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் அதன் மனப்போக்கு மறைவின்றி வெளிப்படும். நூலை மதிப்பிடும் பெரும்பொறுப்பை எழுதியவனிடமும் கொடாமல், வாசித்தவனிடமும் கொடாமல், வாய் திறவாது கேட்டிருந்த ஒரு குழந்தையிடம் ஒப்படைத்த நகரம் மதுரை. நக்கீரர் உரையும் உடனே ஏட்டில் ஏறவில்லை என்றும், ஆசிரியரும் மாணாக்கருமாகப் பத்துத் தலைமுறை வாய்வழியே வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை அடைந்தது என்றும் அந்நூலே சொல்கிறது. இந்நாளில் தத்தம் வீட்டு அறையில் அமர்ந்து, பழைய நாவல்களை ஊதியமின்றி வாய்விட்டு வாசித்து, முன்பின் அறியாத கேட்போருக்காக ஒலிப்பதிவு செய்து வைக்கும் அன்பர்களின் பணியை அந்நிய நாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுமையாகச் சிலர் பேசக் கேட்கும்போதெல்லாம், இந்த ஊமைப் பிள்ளையின் கதைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கருவி புதிது, காரியம் இம்மண்ணுக்குப் பழகிய காரியம்.

கல்வெட்டும் செப்பேடும் இதற்குச் சாட்சி சொல்லும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கென நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தியைத் தெரிவிக்கிறது. பழைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததும் இப்போது தேனி மாவட்டத்தில் உள்ளதுமான சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடோ, மாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுராபுரியில் சங்கம் வைத்ததையும் பாண்டியரின் முன்னோர் செயல்களாக ஒருசேரப் போற்றுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தை இயற்றியபோதும், சொக்கநாதர் சந்நிதியின் அறுகாற் பீடத்தில் வைத்து அதனை வாசித்து அரங்கேற்றிய பின்னரே அது நூலாயிற்று என்பது மதுரையார் மரபு. பிறர் செவியில் ஒலித்து முடியாத நூல் முற்றுப்பெற்ற நூலாகாது என்பதே அக்காலத்தார் எண்ணம்.

கோயிலில் நடந்தது திண்ணைக்கும் சாவடிக்கும் இறங்கி வந்தது. புராணப் படிப்புக்கு இருவர் வேண்டும்: ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார்; மற்றவர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். வாசிப்பவர் ஓரடியை எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை இரட்டித்துச் சொல்கிறார் என்பதைக்கொண்டே பொருள் சொல்பவர் தம் வேலையைத் தொடங்கவேண்டியிருந்ததால், மூச்சை எங்கே விடுவது என்பதும் ஒரு வித்தையாகப் பயிலப்பட்டது. கேட்கும் கூட்டத்திலும் ஒருவர் ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பார். அந்த ‘உம்’ தளர்ந்தால் வாசிப்பவர் குரலை உயர்த்துவார். அது விரைந்தால் இவரும் விரைவார். எழுத்தறியாத சம்சாரியாயினும், பத்து வருஷம் மார்கழி தவறாமல் கேட்டவருக்குக் கதை மனப்பாடம். ஒரு செய்யுளைத் தாவிப் படித்துவிட்டால் ‘நடுவே ஒன்று போயிற்றே, சாமி’ என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லுவார். வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்து, கல்லாதவனாயினும் கேட்பானாக என்று வற்புறுத்தியது இத்தகைய சபைகளைக் கண்ட அனுபவத்தால் இருக்கக்கூடும்.

வைகைப் பாசனம் எட்டாத மேட்டுப்பூமிகளில் இவ்வழக்கத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. மதுரைக்கு மேற்கிலும் தெற்கிலும், வானம் பார்த்த கரிசலிலும் செவலிலும், கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு மேகத்தை நோக்கியிருக்கும் ஊர்களில், மழை தாமதித்தால் பாரதத்தின் விராட பருவத்தைப் படிக்கச் செய்வது தமிழ்நாட்டு வேளாண் குடிகளின் தொன்றுதொட்ட நம்பிக்கை. பாண்டவர் மறைந்து வாழ்ந்த தேசத்தில் மாதம் மும்மாரி பொழிந்தது என்ற கதையே அதற்கு ஆதாரம். மந்தையில் அரிக்கேன் விளக்கை ஏற்றி, சமுக்காளம் விரித்து, வில்லிபாரதத்தை இரவு இரவாகப் படிப்பார்கள். ஆடவர் மந்தையிலும் பெண்டிர் எதிர்த்திண்ணையிலுமாக அமர்ந்து கேட்க, பகல் வேலை முடிந்தபின் ஊரே கேட்டறிந்த பாரதம் அது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சென்னை ராஜதானியில் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு எழுத்தறிவு இருந்ததென்று சொல்வதே அரிது. அத்தகைய நாளில் பெருங்காப்பியங்களின் கதாபாத்திரங்களைத் தம் வீட்டு மனிதர்களைப்போல் அறிந்து அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட பெண்கள் ஊர்தோறும் இருந்தார்கள் என்றால், அது முற்றிலும் இந்த வாசிப்புச் சபைகள் அளித்த கொடை.

அச்சு வந்தபின் இந்தச் சபைக்குப் புதிய நூல்கள் கிடைத்தன. ‘பெரிய எழுத்து’ என்ற அடைமொழியோடு, மலிவான தாளில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்திலும் தெரியும்படி பருமனான எழுத்தில் சென்னை இரத்தின நாயகர் ஸன்ஸ் முதலிய பதிப்பாளர்கள் வெளியிட்ட மாலைகளும் அம்மானைகளும் நாடெங்கும் பரவின. மீனாட்சி கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எடுப்பித்த புதுமண்டபத்தில், தையற்காரர்களுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் இடையே புத்தகக் கடைகளும் நெடுங்காலம் இருந்தன; அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டது அண்மைக் காலத்துச் செய்தி. திருவிழாவுக்கு வந்த கிராமத்தார் வளையலும் குங்குமமும் வாங்கிய கையோடு அல்லி அரசாணி மாலையையும் வாங்கிச் சென்றதில் வியப்பில்லை. அல்லி மதுரையை ஆண்ட ராணியல்லவா? புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அந்நூலை எவரும் மௌனமாகப் படித்ததில்லை. ராகம் போட்டுத்தான் படிப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் இருந்துவிட்டால் போதும், அந்தத் தெரு முழுவதற்கும் அவனே வாசகன்.

இந்நிலையில்தான் நாவல் என்னும் புதிய இலக்கியம் நம்மிடையே தோன்றியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளியாயிற்று. அடுத்து வந்தவற்றுள் தலைசிறந்ததாகிய கமலாம்பாள் சரித்திரம், அக்காலத்தில் மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்த வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த பி. ஆர். ராஜமையரால் எழுதப்பட்டு, விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையில் 1893 முதல் தொடர்ந்து வெளிவந்தது. கதை நிகழும் சிறுகுளமும் மதுரை ஜில்லாக் கிராமமே. இருபத்தாறு வயதில் 1898-ல் மறைந்த அவ்விளைஞர் எழுதிய வசனத்தை எவரேனும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், அவர் கண்ணுக்காக எழுதவில்லை, செவிக்காகவே எழுதினார் என்பது விளங்கும். ஆற்றங்கரையில் பெண்கள் கூடிப் பேசும் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரின் வெகுளித்தனமான வித்துவத்துவமும், பேயாண்டித் தேவனின் மிடுக்கும் தாளில் கிடக்கும்போது பாதி உயிரோடுதான் கிடக்கின்றன.

ஆயினும் நாவலோடு வேறொரு பழக்கமும் வந்தது: தனியாக, உதடு அசையாமல், தனக்குள்ளே படிக்கும் பழக்கம். நாவலும் வாசிப்பும் என்ற தம் ஆராய்ச்சி நூலில் ஆ. இரா. வேங்கடாசலபதி இம்மாறுதலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மௌன வாசிப்பு ஒரே நாளில் வெற்றிகொண்டுவிடவில்லை. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் முறை வீடுகளுக்குள் இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. 1950-ல் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோதும், பத்திரிகை வந்த நாளில் அதற்காகக் குடும்பமே காத்திருந்ததும், யார் முதலில் படிப்பது என்ற சண்டையைத் தீர்க்க ஒருவர் உரக்கப் படித்து மற்றவர் கேட்டதும் பழைய தலைமுறையார் பலரும் சொல்லும் செய்தி. மாவரைத்துக்கொண்டும் பூத்தொடுத்துக்கொண்டும் கேட்ட பாட்டிமார் அதில் மிகுதி. பிறகு பள்ளிக்கூடம் பெருகிற்று, புத்தகம் மலிந்தது, ஒவ்வொருவரும் தாமே படிக்கலானார்கள். அது பெரும்பேறுதான், அதை ஒருபோதும் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் அந்தப் பேற்றில் பங்கு கிடைக்காதவர் சிலர் ஒதுங்கி நின்றார்கள்.

அவர்கள் கண்ணொளி இழந்தவர்கள். சாவடியில் பாரதம் கேட்ட நாளில் அவர்களுக்கும் பார்வையுள்ளவர்களுக்கும் வேற்றுமையே இல்லை. எல்லாரும் செவியால்தான் பெற்றார்கள். உலகம் மௌனமாகப் படிக்கத் தொடங்கியபின்னர்தான் அவர்கள் தனித்துவிடப்பட்டனர். 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிப் பிரெயில் எழுத்துக்கு வழிசெய்தார். ஆனால் தடித்த தாளில் குத்தப்படும் பிரெயிலில் ஒரு நாவல் பல பெரிய தொகுதிகளாகிவிடும். முதுமையில் பார்வை போனவர் விரல் அதைப் பழகவும் மாட்டாது. 1877-ல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டபோதே, பார்வையற்றோர்க்குப் புத்தகம் படித்துக்காட்டுதலை அதன் பயன்களுள் ஒன்றாக எண்ணினார். அது கைகூட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. முதல் உலக யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களை முன்னிட்டு முயன்ற பிரிட்டிஷ் ஸ்தாபனங்கள் 1935-ல் தம் முதல் ‘பேசும் புத்தகங்களை’ வெளியிட்டன. ஒரு நாவலுக்கு ஏறக்குறையப் பத்து இசைத்தட்டுகள், பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். ஊதியம் பெறாத தொண்டர்களே கூடிப் படிக்கும் ஏற்பாட்டை 1948-ல் நியூயார்க்கில் ஆன் மக்டொனால்டு அம்மையார் நிறுவினார். இரண்டாம் யுத்தத்தில் பார்வையிழந்து கல்லூரியில் சேர்ந்த வீரர்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டியிருந்ததே அதற்குத் தூண்டுதல்.

மதுரையில் இப்பணி நிலைகொண்டது 1985-க்குப் பின்னர். தாமும் பார்வையிழந்தவராகிய எஸ். எம். ஏ. ஜின்னா அவ்வாண்டில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். நகருக்கு வடக்கே சுந்தரராஜன்பட்டியில் வளர்ந்த அந்த ஸ்தாபனம் பள்ளியோடும் பிரெயில் அச்சகத்தோடும் பேசும் புத்தக நூலகத்தையும் பேணிவந்தது. அக்காலத்துப் பதிவுக்கருவி ஒலிநாடா. அறுபது நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு அரைமணி. அரைமணி முடியும் இடம் ஒரு வாக்கியத்தின் நடுவே வந்துவிட்டால் பின்னுக்குச் சுற்றி, முந்தைய வாக்கியத்தின் முடிவில் நிறுத்தி, ‘முதற் பக்கம் முடிந்தது, நாடாவைத் திருப்பிக்கொள்க’ என்று சொல்லி முடிக்கவேண்டும். புத்தகத்தின் பக்க எண்ணையும் அவ்வப்போது குரலிலேயே அறிவிக்கவேண்டும்; கேட்பவர் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் அல்லவா? பொன்னியின் செல்வன் போன்ற ஐந்து பாக நாவலானால் அறுபது எழுபது நாடா அடங்கிய பெட்டி ஒன்று வேண்டும். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இல்லத்தரசியரும், பணியோய்ந்த ஆசிரியர்களும், கல்லூரி மாணவர்களும் மத்தியான வேளைகளில் வீட்டிலேயே உட்கார்ந்து இப்படிப் பதிந்து கொடுத்த நாடாக்கள் எத்தனையோ மாணவர்களைப் பட்டம் பெறச் செய்தன. அவற்றில் வாசித்தவர் பெயர்கூடப் பெரும்பாலும் இராது.

நாவல்களைப் பொதுமக்கள் யாவருக்கும் இவ்வாறு வழங்க வேறிரண்டு வசதிகள் வேண்டியிருந்தன. முதலாவது உரிமை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தாலன்றி அவர் நூலை உரிமையாளர் இசைவின்றிப் பிறர் வெளியிடலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். ஆயினும் 1949-ல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது முதலாக, எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை நாட்டுடைமையாக்கும் நல்வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியது. கல்கியின் நூல்களும் 1990களின் இறுதியில் அவ்வாறு பொதுவாயின. இதைத் தமிழகம் செய்த பெருங்காரியங்களுள் ஒன்றாகவே கருதவேண்டும். பார்வையற்றோர்க்காகச் செய்யும் பிரதிகளுக்கு உரிமைத் தடையில்லை என்று 2012-ல் சட்டமும் திருத்தப்பட்டது. அப்பொருள்பற்றி 2013-ல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதன்முதல் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே.

இரண்டாவது, எளிதிற் கிடைக்கும் பிழையற்ற மூலபாடம். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை மதுரையில் நிறுவிப் பாண்டியன் புத்தகசாலையில் ஏடுகளையும் அச்சுநூல்களையும் சேர்த்துவைத்தது ஒரு காலத்தின் தேவை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள் ‘மதுரைத் திட்டம்’ என்ற பெயரோடு, பழந்தமிழ் நூல்களைத் தத்தம் வீட்டிலேயே கணினியில் தட்டெழுதி, ஒருவர் எழுதியதை மற்றொருவர் பிழைபார்த்து, விலையின்றி உலகுக்கு அளிக்கத் தொடங்கியது அடுத்த காலத்தின் தேவை. சங்கம் இருந்த ஊரின் பெயரையே அவர்கள் தேர்ந்துகொண்டது பொருத்தம். ஏழாண்டுகள் கழித்து, 2005-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹியூ மக்வயர் என்பவர் லிப்ரிவாக்ஸ் என்னும் முயற்சியைத் தொடங்கி, ஜோசப் கான்ராடின் ஒரு நாவலை அன்பர்கள் அத்தியாயத்துக்கு ஒருவராகப் பங்கிட்டு வாசித்துப் பதியச் செய்தார்; 2016-க்குள் அத்தகைய பதிவுகள் பதினாயிரம் சேர்ந்தன. தட்டெழுதிய பாடம் கையில் இருக்க, பதிவுசெய்யும் கருவி தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட, தமிழிலும் அப்பணி வீடுகளில் தொடங்கிற்று.

மதுரையில் ஒரு வீட்டில் அமர்ந்து ஓர் அத்தியாயத்தைப் பதிந்து முடிப்பது எளிய காரியமன்று. சித்திரை, வைகாசியில் மின்விசிறியை நிறுத்தாமல் பதிந்தால் அதன் இரைச்சல் வார்த்தைகளின் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் கால்மணிக்குள் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கும். சன்னலுக்கு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டுத் தெருவை அடக்கினாலும், அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலையும், முளைப்பாரி எடுக்கும் நாட்களில் விடியுமுன்பே தொடங்கும் ஒலிபெருக்கியையும் அடக்கமுடியாது. ஆதலால் பால்காரர் வருவதற்கு முந்திய இரண்டு நாழிகையே பலருக்கு வாய்க்கும் நேரம். அவ்வேளையில் உறக்கம் தெளியாத தொண்டையில் ழகரம் வழுக்கி லகரமாகும். வெந்நீர் குடித்துவிட்டு மீண்டும் படிக்கவேண்டும். பழைய நாவல்களின் வாக்கியமோ அரைப்பக்கம் நீளும். வினையெச்சத்தின்மேல் வினையெச்சமாகச் சென்று கடைசியில் முற்றுவினையில் இறங்கும் அதன் போக்கை முன்கூட்டியே கண்ணால் அளந்துகொள்ளாதவர் நடுவழியில் மூச்சுத் திணறி நிற்பார். திண்ணையில் புராணம் படித்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

அவர்களுக்கு இருந்த ஒன்று இவர்களுக்கு இல்லை. எதிரே அமர்ந்து ‘உம்’ கொட்டுபவர் இல்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதற்கே, ஒருவர் படித்த பதிவை மற்றொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்கும் முறை ஏற்பட்டிருக்கிறது. விட்டுப்போன வரி, இருமுறை வந்த சொல், இடையே புகுந்த இரைச்சல் ஆகியவற்றைக் கேட்பவர் குறித்துக் கொடுப்பார். குரலின் இனிமையையோ உச்சரிப்பின் பாணியையோ குறைகூறலாகாது என்பது லிப்ரிவாக்ஸ் அன்பர்கள் கைக்கொள்ளும் நெறி. தயங்கி நிற்பவரை ஊக்க அது நல்ல நெறியே. மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் தத்தம் நடையோடு பதிவாவதற்கும் அது இடங்கொடுக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடுதல் போதாதென்றே எனக்குத் தோன்றுகிறது. உருத்திரசன்மன் எழுத்துப்பிழையைக் குறிக்க உட்கார்த்தப்பட்டவன் அல்லன். வாசிப்பு நெஞ்சைத் தொட்டதா என்று சொல்ல ஒரு செவி வேண்டும். அது வீட்டிலிருக்கும் பாட்டியாராக இருக்கலாம், பார்வையற்ற நண்பராக இருக்கலாம். அத்தகைய ஒருவரை அருகே இருத்திக்கொண்டு வாசித்த பதிவுக்கும், சுவரைப் பார்த்து வாசித்த பதிவுக்கும் உள்ள வேற்றுமை இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. முன்னதில் குரல் ஓரிடத்தில் தயங்கி, ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே செல்லும்.

இன்னும் ஒரு பணி எஞ்சியிருக்கிறது. அது நாவல்களைவிடவும் அவசரமானது. கமலாம்பாள் சரித்திரத்தை இன்று பதியாவிட்டால் பத்தாண்டு கழித்தும் பதியலாம். பாடம் அச்சில் பத்திரமாக இருக்கிறது. அல்லி அரசாணி மாலையின் பாடமும் அச்சில் இருக்கிறது, ஆனால் அதன் ராகம் அச்சில் இல்லை. அந்த மெட்டு, எந்த அடியில் இழுப்பது, அர்ச்சுனன் சூழ்ச்சி வரும்போது எங்கே தாழ்த்துவது என்பதெல்லாம் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் எண்பதைக் கடந்த சிலரின் தொண்டையில் மட்டுமே இருக்கிறது. பதிவுக்கருவி அந்தந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. தாத்தாவைத் திண்ணையில் உட்கார்த்தி, பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, நூல் முடியுமட்டும் ‘உம்’ கொட்டிக்கொண்டு அருகில் இருந்து, அந்த ‘உம்’மையும் சேர்த்தே பதிந்துகொள்ளவேண்டும். இந்த வருஷத்துக் கோடை விடுமுறையே அதற்கு ஏற்ற காலம்.